தொடக்கமா, முடிவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளவளவென்று வேண்டாம். வாழ்க்கையில் எது முக்கியம்?

நடக்கப்போவதைத் தீர்மானிப்பதில் தொடக்கத்தின் கை ஓங்கியிருக்கும். நடந்ததைப் பிறகு எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பதில் முடிவின் கை ஓங்கியிருக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. என் கட்சி எது என்று கேட்டால் இதுதான்: ஒரு விஷயத்தை மதிப்பிடும்போது முடிவுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறோம், அதே விஷயத்தைச் செய்யும்போது முடிவைக் கண்டுகொள்வதே இல்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் வரும்.

தொடக்கத்துக்கு அப்படி என்ன பலம்?

தொடக்கத்தில் நேரும் சின்ன வித்தியாசம் பெருகுவதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

1961இல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் கணினியில் ஒரு வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஓட்டியதை நடுவிலிருந்து மறுபடி பார்க்க நினைத்து, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணை உள்ளே கொடுத்தார். கணினிக்குள் இருந்த உண்மையான எண் 0.506127. ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத வித்தியாசம். வானிலை மாறும் விதத்தைக் காட்டும் புதிய கோடு கொஞ்ச தூரம் பழைய கோட்டோடு ஒட்டிப் போனது, பிறகு இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லும்படி விலகிவிட்டது.

மனித உடம்பிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பரிசோதித்துப் பார்த்தார்கள். கரு உருவான புதிதில் பஞ்சத்தில் சிக்கியவர்களுக்கு நடுவயதில் இதய நோய் கூடுதலாக வந்திருந்தது. அவர்கள் பிறந்த பிறகு வயிறார உண்டவர்கள்தான். பஞ்சம் அவர்கள் நினைவிலேயே கிடையாது, ஆனால் உடம்பில் பதிந்திருந்தது.

அப்படியானால் என் கதை முடிந்ததா? என் தொடக்கமே சரியில்லை.

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்று சொல்லிப் பயமுறுத்தாத பெரியவர்கள் குறைவு. கட்டுமானத்துக்குப் பொருந்தும். ஆளுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் சுவர் தன்னைத் தானே திருத்திக்கொள்வதில்லை.

கனடாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் பட்டம் பெற்று வெளியே வந்தவர்களின் வருமானத்தைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் நல்ல காலத்தில் வந்தவர்களைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு. 5 வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது. 10 வருடத்தில் ஏறக்குறைய மறைந்துபோனது. எப்படி மறைந்தது என்பதுதான் சுவாரஸ்யம். கிடைத்த முதல் வேலையிலேயே ஒட்டிக்கொள்ளாமல் நல்ல சம்பளம் தரும் நிறுவனத்துக்கு மாறிக்கொண்டே போனவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். மாற முடியாதவர்களுக்குத் தழும்பு ஆழமாக இருந்தது. 10 வருடம் சின்ன விலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில தொடக்கங்களுக்குக் கதவு சாத்தும் நேரம் உண்டு. ருமேனியாவின் அனாதை விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளை வைத்து புகாரெஸ்டில் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் பல விதத்தில் தேறினார்கள். ஆனால் ஏறக்குறைய 2 வயதுக்கு முன்பே போனவர்கள் தேறிய அளவுக்கு, தாமதமாகப் போனவர்கள் பல அளவீடுகளில் தேறவில்லை. எனவே குழந்தை விஷயத்தில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதை நான் ஏற்கமாட்டேன். முப்பது வயதில் "என் தொடக்கம் சரியில்லை" என்று உட்கார்ந்துவிடுவதையும் ஏற்கமாட்டேன்.

விளையாட்டில் தொடக்கம்தானே எல்லாம்?

தூரத்தைப் பொறுத்தது. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். துப்பாக்கி ஒலித்ததும் அவர் கிளம்ப எடுத்துக்கொண்டது 0.146 வினாடி. அவருக்கு முன்பே கிளம்பியவர்கள் பக்கத்துத் தடங்களில் இருந்தார்கள். அதாவது, அவ்வளவு குறுகிய ஓட்டத்தில்கூடக் கொஞ்சம் சுமாரான தொடக்கத்தை ஈடுகட்ட இடம் இருந்திருக்கிறது. ஆனால் 2011இல் டேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் அதே போல்ட் ஒலிக்கு முன்பே பாய்ந்துவிட்டார். ஓடாமலே வெளியேற வேண்டியதாயிற்று. சுமாராகத் தொடங்குவது வேறு, ஆட்டத்தைவிட்டே வெளியேற்றும்படி தொடங்குவது வேறு. நாம் பெரும்பாலும் முதலாவதற்கே இரண்டாவதன் அழுகையை அழுகிறோம்.

ஒருவரைப் பற்றிய முதல் அபிப்பிராயம் மாறவே மாறாதா?

மாறும், ஆனால் மெதுவாக. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946இல் செய்த சோதனை எளிமையானது. ஒரே ஆளைப் பற்றிய ஆறு குணங்கள்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். ஒரு குழுவுக்கு இந்த வரிசையில் படித்துக் காட்டினார், இன்னொரு குழுவுக்குத் தலைகீழாக. முதல் குழுவுக்கு அவர் சில குறைகள் உள்ள திறமைசாலியாகத் தெரிந்தார். இரண்டாவது குழுவுக்குத் திறமையைக் குறைகள் கெடுத்துவிட்ட ஆளாகத் தெரிந்தார். முதலில் வந்த சொல் பின்னால் வந்த சொற்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறது.

பேச்சிலும் அப்படித்தான். சண்டைக்குரிய ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசச் சொல்லி 124 புதுமணத் தம்பதிகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வில், முதல் மூன்று நிமிடங்களைப் பார்த்தே அடுத்த 6 வருடத்தில் யார் பிரிவார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. அந்தக் கணக்கிடும் முறையைக் குறை சொல்பவர்கள் உண்டு. நானும் அதை ஜாதகம்போல் நம்பமாட்டேன். ஆனால் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பிக்கும் பேச்சு நல்லபடி முடிந்து நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

முடிவு மட்டும் ஏன் மனதில் அப்படி ஒட்டிக்கொள்கிறது?

மனம் கால அளவைக் கணக்கு வைப்பதில் படுமோசம் என்பதால். 1993இல் உளவியலாளர் டேனியல் கானெமன் உள்ளிட்டோர் 32 பேரைக் குளிர்நீரில் கை வைக்கச் சொன்னார்கள். ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் நீரில் 60 வினாடி. இன்னொரு முறை அதே 14 டிகிரியில் 60 வினாடி, அதோடு கையை எடுக்காமல் மேலும் 30 வினாடி. அந்த 30 வினாடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்குச் சூடேறும். அதுவும் வலிதான், சற்றுக் குறைந்த வலி. இரண்டில் எதை மறுபடி செய்ய விருப்பம் என்று கேட்டபோது 22 பேர் நீண்டதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிக வலியை விரும்பிக் கேட்டு வாங்கினார்கள், காரணம் அது கொஞ்சம் இதமாக முடிந்தது.

ஆசனவாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையிலும் இதையே கண்டார்கள். 1996இல் வெளியான ஆய்வில் சிலருக்கு 4 நிமிடத்தில் முடிந்தது, சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பின்னால் கேட்டபோது "எவ்வளவு கஷ்டமாக இருந்தது" என்பதற்கும் எவ்வளவு நேரம் நடந்தது என்பதற்கும் பெரிய தொடர்பில்லை. வலியின் உச்சமும் கடைசி சில நிமிடங்களும்தான் தீர்ப்பு எழுதின. அடுத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மட்டும், பரிசோதனை முடிந்த பிறகும் கருவியின் முனையை அசைக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே விட்டுவைத்தார்கள். கூடுதல் நேரம், ஆனால் லேசான சங்கடம். அவர்கள் மற்றவர்களைவிட நல்ல அபிப்பிராயத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

இதைப் படித்ததும் "அப்போ முடிவுதான் முக்கியம்" என்று தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நம் நினைவு எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறது என்பதற்கான சாட்சி இது. முடிவை வைத்து முழுவதையும் தீர்ப்பிடும்போது, குளிர்நீரில் 30 வினாடி கூடுதலாகக் கை வைத்தவர்களின் இடத்தில்தான் நாமும் இருக்கிறோம்.

நீண்ட பட்டியலைப் படித்தால் முதலும் கடைசியும்தான் நினைவில் நிற்கும் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் ஒரு திருத்தம் உண்டு. 1966இல் வந்த ஒரு பரிசோதனையில், சொற்களைக் காட்டியதும் எழுதச் சொல்லாமல் 30 வினாடி எண்களை எண்ண வைத்தார்கள். கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை காணாமல் போனது. முதல் சொற்களுக்கு இருந்தது அப்படியே இருந்தது.

அம்மா கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் பட்ட பாடு மட்டுமே கண்ணில் நிற்கிறது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. எழுபது வருட வாழ்க்கைக்கு முன்னால் இரண்டு மாதம் வந்து நின்று மறைக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் தூங்கவில்லை, பயந்திருந்தீர்கள், ஒவ்வொரு மணி நேரமும் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். மனம் அதைத் தடித்த எழுத்தில் பதிந்துகொண்டதில் ஆச்சரியமில்லை. அதை அழிக்கப் பார்க்காதீர்கள், பக்கத்தில் வேறு நிறையப் பக்கங்களைத் திறந்து வையுங்கள்.

என் நண்பர் ஒருவருக்கு உதவியது, தொலைபேசி எண்கள் எழுதிவைத்த ஒரு பழைய நோட்டு. பெயர்களுக்குப் பக்கத்தில் அவருடைய அம்மா தன் வழக்கப்படி குறிப்பு எழுதியிருந்தார். "பல் டாக்டர், கோபக்காரர்." "சத்தமாப் பேசணும்." ஒரு எண்ணுக்கு எதிரே பெயரே இல்லாமல் "இவங்களுக்கு நாம பண்ணக்கூடாது, அவங்க பண்ணட்டும்." அதைப் படித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மா இறந்தபின் அம்மாவை நினைத்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. இறுதிக்கால உடல்நிலையைப் பற்றிப் பேசாத, அம்மாவின் முப்பது நாற்பது வயதை அறிந்த ஒருவரோடு பேசுங்கள். சித்தியோ, பழைய தோழியோ, கூட வேலை பார்த்தவரோ. உங்களிடம் இல்லாத பக்கங்கள் அவர்களிடம் இருக்கும்.

குற்ற உணர்ச்சி இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டோம் என்பது பலரை வருடக்கணக்கில் அரிக்கிறது. காபி வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் உயிர் பிரிந்தது என்பார்கள். அந்த ஐந்து நிமிடம் ஒரு நிமிடமும் கூடாமல் ஐந்து நிமிடம்தான். அதற்கு முன் பக்கத்தில் இருந்த வருடங்களை அது ரத்து செய்யாது.

இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிந்தோம். எல்லாம் வீண்தானே?

யார் சொன்னது? பத்தொன்பது வருடம் மூன்று மாதம் நன்றாக இருந்திருந்தால் அது நன்றாக இருந்ததுதான். முடிந்ததாலேயே எதுவும் தோல்வி ஆகிவிடாது. நீடிப்பதையே வெற்றிக்கு அளவுகோலாக வைத்தால், வெறுப்போடு ஒரே கூரையின் கீழ் ஐம்பது வருடம் இருந்தவர்களுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டியிருக்கும். "அப்போதே தெரியும் எனக்கு" என்று இப்போது சொல்லும் உறவினர்களையும் நம்பாதீர்கள். அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஒருவர் சாகும்வரை அவரைப் பாக்கியசாலி என்று சொல்லக் கூடாது என்பார்களே?

கிரேக்கர்களிடமிருந்து வரும் பழைய கதை. லிடியா என்ற பழைய நாட்டின் அரசர் குரோசஸ் பெரும் பணக்காரர். தன் கஜானாவைக் காட்டி, உலகிலேயே பாக்கியசாலி யார் என்று ஏதென்ஸின் அறிஞர் சோலனிடம் கேட்டார். "முடிவைப் பார்க்காமல் சொல்ல முடியாது" என்றார் சோலன். பிறகு பாரசீக அரசர் சைரஸிடம் குரோசஸ் நாட்டையே இழந்தார். கதை சோலனுக்குச் சாதகமாக முடிகிறது, முடிவை வைத்துத் தீர்ப்பிடும் கதை வேறெப்படி முடியும்?

இதில் உள்ள கோளாறை அரிஸ்டாட்டில் பிடித்துவிட்டார். ஒருவர் மகிழ்ச்சியாக இருக்கும்போது அதைச் சொல்லக் கூடாது, செத்த பிறகுதான் சொல்லலாம் என்றால் அது விசித்திரமில்லையா? அவருடைய கேள்வி இன்னும் நீளும். செத்த பிறகும் பிள்ளைகள் கெட்டுப்போகலாம், பெயர் கெடலாம். அப்போது முடிவு என்பது எங்கே?

2001இல் எட் டீனர் முதலிய உளவியலாளர்கள் ஒரு கற்பனைப் பெண்ணின் வாழ்க்கையை எழுதிக்கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். அமோகமாக வாழ்ந்து சட்டென்று இறந்துபோகும் கதைக்கு அதிக மதிப்பெண். அதே கதையோடு சுமாரான, ஆனாலும் இனிமையான சில வருடங்களைக் கூட்டிக்கொடுத்தால் மதிப்பெண் குறைந்தது. நல்ல வருடங்கள் கூடியதால் வாழ்க்கை மட்டமாகிவிட்டதாம்! வெளியிலிருந்து படிப்பவருக்கு அது கதை. உள்ளே இருப்பவருக்கு அது கூடுதலாகக் கிடைத்த காலைப்பொழுதுகள். முதுமையில் மறதி நோய் வந்தவர்களைப் பற்றி "இப்படி முடிந்துபோச்சே" என்று உச்சுக்கொட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

எது முடிவு என்றே தெரியவில்லையே?

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எவரெஸ்ட் ஏறுபவர்களுக்கு உச்சி முடிவு அல்ல, பாதி வழி. 8,000 மீட்டருக்கு மேலே இறந்தவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போது இறந்தவர்கள். அதனால்தான் பிற்பகல் 2 மணி போல ஒரு நேரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறார்கள். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரம் வந்துவிட்டால் திரும்ப வேண்டும். 1996 மே 10 அன்று பலர் அந்த நேரத்தைத் தாண்டி ஏறினார்கள். புயலும் சேர்ந்துகொண்டது. அந்த இரண்டு நாளில் 8 பேர் இறந்தார்கள்.

பட்டம், கல்யாணம், பதவி உயர்வு, வீடு என்று நாம் முடிவாக நினைப்பவை பலவும் இப்படிப்பட்ட உச்சிகள். இறங்குவதற்கு மூச்சு மிச்சம் வைத்துக்கொள்வதில்லை.

நிறைய ஆரம்பிக்கிறேன், ஒன்றும் முடிவதில்லை. என்ன செய்ய?

ஆரம்ப சூரத்தனம் உங்களுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. வாரத்தின், மாதத்தின், வருடத்தின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆட்கள் கூடுதலாக வருவதை 2014இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. புதிய தேதி பழைய தோல்விகளை வேறொரு ஆளின் கணக்கில் எழுதிவிடுகிறது. அந்த உந்துதல் நிஜமானது, பயன்படுத்திக்கொள்ளலாம். அது சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஆரம்பிக்கும் அன்றே "முடிந்தது" என்றால் என்ன என்பதை ஒரு வரியில் எழுதிவையுங்கள். "கிடார் கற்றுக்கொள்வது" முடியவே முடியாது. "இந்த மூன்று பாட்டை நிறுத்தாமல் வாசிப்பது" முடியும். பாதிக்கு மேல் முடியாமல் கிடக்கும் வேலைகளில் முக்கால்வாசிக்கு முடிவு என்று ஒன்று வரையறுக்கப்பட்டதே இல்லை.

பாதியில் விட்டுவிடுவது தப்பா?

தப்பில்லை. இதுவரை போட்ட பணத்தையும் காலத்தையும் காரணம் காட்டித் தொடர்வதுதான் தப்பு, அது திரும்பி வரப்போவதில்லை. ஆனால் விடுவதென்றால் விட்டதாக அறிவித்து விடுங்கள். சொல்லாமல் நழுவுவது முடிவே அல்ல.

வேலையை விட்டுப் போகிறேன். கடைசி இரண்டு வாரம் ஒப்புக்கு உட்கார்ந்திருந்தால் போதாதா?

போதாது. சேர்ந்த முதல் வாரத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் முன்னால் வந்தவர்தானே நீங்கள்? அதில் பாதி அக்கறை போதும்.

எது உதவும் என்று குறிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் செய்யும் வேலைகளின் பட்டியல் யாருக்கும் பெரிதாக உதவாது, அது ஏற்கெனவே எங்காவது இருக்கும். உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதை எழுதுங்கள். "இந்த எக்செல் ஷீட்டில் மஞ்சள் கட்டங்களைத் தொடாதீர்கள், அவை கையால் போட்டவை, ஃபார்முலா இல்லை." "இந்த வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினால் பதில் வராது, போன் செய்யுங்கள்." "இந்த வேலை பாதியில் நிற்கிறது. காரணம் நான் அல்ல, அனுமதி வரவில்லை." இரண்டு பக்கம் போதும். அடுத்து வருபவர் உங்களை நேரில் பார்த்திருக்கவே மாட்டார், ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக உங்கள் பெயரை நன்றியோடு சொல்வார். இங்கே முடிவு வெறும் நினைவு அல்ல, இன்னொருவருடைய தொடக்கம். அதனால்தான் இதில் உழைப்பைப் போடச் சொல்கிறேன்.

வெளியேறும் நேர்காணலில் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். மாற்றக்கூடிய விஷயம் என்றால் சொல்லுங்கள். பழி தீர்க்க என்றால் வேண்டாம்.

கடைசி என்று முன்கூட்டியே தெரிவது நல்லதா?

தெரிந்தால் ருசி கூடுகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சாக்லேட் கொடுத்தார்கள். ஐந்தாவதைச் சிலரிடம் "இது அடுத்தது" என்று கொடுத்தார்கள், சிலரிடம் "இதுதான் கடைசி" என்று கொடுத்தார்கள். ஐந்தாவதே மிகப் பிடித்தது என்று சொன்னவர்கள் முதல் குழுவில் 22 சதவீதம், இரண்டாவதில் 64 சதவீதம்.

வாழ்க்கையில் பெரும்பாலான கடைசிகள் அறிவிப்போடு வருவதில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கியது எந்த நாளோடு நின்றது என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. அதற்காக ஒவ்வொரு நாளையும் கடைசி நாளாக நினைத்து வாழச் சொல்லும் அறிவுரை எனக்குப் பிடிப்பதில்லை. அப்படி வாழ்ந்தால் யாரும் பல் டாக்டரிடம் போகமாட்டார்கள். ஆனால் தெரிந்தே வருகிற கடைசிகள் சில உண்டு: வீடு காலி செய்வது, பள்ளிப் படிப்பு முடிவது, வேலையிலிருந்து ஓய்வு, மருத்துவர் நாள் குறித்துச் சொன்ன பிறகான வாரங்கள். அவற்றுக்கு மட்டும் கையிலிருக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு நேரில் போய் இருங்கள். போன் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.